கோபம் ஆற நடந்தேன், லயமே கூட வந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, கோழிக்கறிக்கு மசாலா அரைப்பது.

மத்தியான பஸ்ஸில் சுங்கை பெசாரிலிருந்து மாமியார் வருகிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிற வேலைக்கு நான் மறுபடியும் பேர் கொடுத்திருந்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் எங்களோடு தங்க வேண்டும். போன தடவை கேட்டதற்கு, "ஒம் பொண்டாட்டி கோவத்துக்கு நான் இங்க இருக்க முடியாதுடா சாமி!" என்று மகனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே இந்தத் தடவை நான் சாந்த சொரூபி!

அதற்கு ஏற்பாடும் செய்திருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஐயாவிடம் போய் யோசனை கேட்டேன்.

"கோவம் வந்தா வாயத் தொறக்காதம்மா. அந்த எடத்த விட்டுட்டு வேகமா நட. ஆறினதும் திரும்பி வா" என்றார்.

சுலபம்தானே!

மிளகாயை ஊறவைத்துவிட்டு அம்மியடிக்குப் போனேன். குழவியைக் காணோம். வாசலில் எங்கள் வீட்டுக்காரர் குந்திக்கொண்டு, அந்தக் குழவியால் மோட்டார்சைக்கிள் செயினை டங்கு டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். குழவி முழுக்கக் கறுப்பு எண்ணெய்!

"சுத்தியல் கெடைக்கல லா. கழுவினா போச்சு!"

உச்சந்தலையில் சுர்ரென்றது. வாயைத் திறந்தேனா? இல்லையே! பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தேன். அவனுடைய பால் போத்தலையும் மாற்றுத் துணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். விறுவிறுவென்று நடந்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கே பொதுவான பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா நிமிர்ந்தார்.

"எங்கடி?"

"சும்மா நடக்கிறேங்க்கா."

தோட்டத்தில் யார் சும்மா நடப்பார்கள்? வாரம் முழுக்க மரத்துக்கு மரம் நடந்து கால் ஓய்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை படியை விட்டு இறங்குவதே அபூர்வம். இதில் இடுப்பில் பிள்ளை, கையில் பை, போவதோ பஸ் ரோட்டுப் பக்கம். இப்படிப் போகிற பொம்பளை கோவித்துக்கொண்டு ஆத்தா வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. அஞ்சலை அக்காவுக்கு உடனே தோன்றிவிட்டது. சோப்பு நுரைக் கையோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

"அடியே, நில்லுடி! மாமியாக்காரி வர்ற நாளாப் பாத்து இப்படிப் பண்ணலாமா?"

"ஒண்ணுமில்லக்கா!"

"ஒண்ணுமில்லாமத்தான் மூஞ்சி மொளகாப்பழமா இருக்கா?"

சைக்கிளில் எதிரே வந்த, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் முனியாண்டி மண்டோர் இறங்கிக்கொண்டார்.

"என்னம்மா, அடிச்சுப்புட்டானா?"

"ஐயோ, இல்லண்ணே! கோவத்தக் கொறைக்க நடக்கிறேன்!"

"அப்ப கோவம்தான்னு ஒத்துக்கிற!"

சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு அவரும் கூட வந்தார். அடுத்த லயத்துப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "பொறுத்துப் போம்மா" என்று பாதிப்பேர். "நீ போடி! ரெண்டு நாளு சோறில்லாமக் கெடக்கட்டும் அவன்!" என்று மீதிப்பேர்.

ஆளாளுக்குப் புத்தி சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. கோபம் ஏறினால் என்ன செய்ய வேண்டும்? நடக்க வேண்டும். நடையைக் கூட்டினேன். அதைப் பார்த்து இன்னும் ஆள் சேர்ந்தது!

மேளம் மட்டும்தான் இல்லை.

பஸ் நிற்கிற இடத்தோடு நடக்க வழி தீர்ந்தது. கோபம் தீரவில்லை. திரும்பலாமென்றால், பின்னால் வழியை அடைத்துக்கொண்டு கூட்டம் இன்னும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் வந்து நின்றது. மாமியார் ஒரு பலாப்பழத்தோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"என்னக் கூட்டிப்போக நீ ஒருத்தி வந்தா பத்தாதா? எதுக்கு இத்தன பேரு?"

அப்படியே விட்டிருக்கலாம். மண்டோர் விடவில்லை.

"ஒங்க மருமக கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிருச்சும்மா. நாங்கதான் மறிச்சு நிக்கிறோம்."

போச்சு! நான் வெட்ட இருந்த மரமெல்லாம் வரிசையாக நின்று எனக்கு டாட்டா காட்டின.

"என்னடி பண்ணினான்?" என்றார் மாமியார்.

"குழவியால செயினத் தட்டினாருங்கத்தே."

"எந்தக் குழவி?"

"நீங்க குடுத்ததுதான்."

பலாப்பழத்தை மண்டோர் கையில் திணித்தார். புடவையை வரிந்து செருகினார். லயத்தைப் பார்த்து நடந்தார் பாருங்கள், என் நடையெல்லாம் ஒரு நடையா?

நான் பிள்ளையோடு பின்னால் ஓடினேன். "அத்தே, மெதுவா! வாயத் தொறக்காதீங்க, ஒடம்புக்கு ஆகாது!"

திறந்தார். பைப்படியில் ஆரம்பித்தது, வீட்டு வாசலுக்கு வந்தும் ஓயவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "சரி, சமாதானமாயிட்டாங்க" என்று கூட்டம் கலைந்து போனது. மண்டோர் பலாப்பழத்தைப் படியில் வைத்துவிட்டு நழுவினார். எங்கள் வீட்டுக்காரர் தேங்காய் நாரை எடுத்து, குழவியைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்த்தார்.

திட்டி முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் அத்தையின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"இவனோட இத்தன நாளு எப்படித்தான் காலந்தள்ளினியோ! நான் இங்கயே இருக்கேன். நீ வேலைக்குப் போ" என்றார்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால் நான் எங்கும் நடப்பதில்லை. வீட்டிலேயே நின்று நன்றாகக் கத்திவிடுகிறேன், லயத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.