5,10,511-ஆவது மூட்டை

உலகின் மாபெரும் எண்கள் எல்லாம் யாரோ ஒருவரின் இடுப்பில்தான் பிறக்கின்றன. 5,10,510 என்ற எண், கிடங்குச் சுமைக்காரர் நெட்டையின் இடுப்பில் பிறந்தது. அன்று காலை செருப்பு மாட்டக்கூட அவரால் குனிய முடியவில்லை. மனைவிதான் மாட்டிவிட்டாள்.

"இன்னிக்காவது வண்டியக் கேளுங்க. வாய வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

வண்டி என்றால் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி. ஆண்டுக்கு ஐந்து லட்சம் மூட்டை தாண்டினால் ஆளுக்கொன்று என்று மேலாளர் வாக்களித்திருந்தார். எல்லோருமாகத் தூக்கியது 5,10,510. தாண்டியாயிற்று. ஆனால் நிர்வாகம் எதிலும் அவசரப்படுவதில்லை. "மொத்த மூட்டை, ஆட்களின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும்" என்றொரு விதியைப் பிற்பாடு கண்டெடுத்தது. ஆட்கள் பத்தொன்பது பேர். மீதி விழுந்தது. நியாயம் நியாயம்தானே!

சாதனை எண்ணைப் பலகையில் பொறித்து வாசலில் மாட்டுமுன், அதன் குணநலன்களை ஆராய ஓர் "எண்ணியல் ஆலோசகர்" வரவழைக்கப்பட்டார். கிடங்கிலேயே கூட்டம். நாற்காலிகள் அறிவுக்கு, சுமைக்காரர்கள் நின்றார்கள்.

"அருமையான எண் சார்! முதல் ஏழு பகா எண்களைப் பெருக்கினா இதுதான். அதுக்கும் மேல, இது மிகை எண்!"

"அப்படின்னா?"

"தன்னை வகுக்குற சின்ன எண்களை எல்லாம் கூட்டினா, தன்னையே மிஞ்சிடும்."

மேலாளர் முகம் சுண்டியது. "சின்னவங்க எல்லாம் சேர்ந்தா முதலாளியையே மிஞ்சுவாங்களா? இதை வாசல்ல மாட்டினா இவனுங்க கெட்டுக் குட்டிச்சுவராப் போவானுங்க. அடக்கமான எண்ணே கிடைக்காதா?"

"ஒண்ணே ஒண்ணு கூட்டுங்க சார். அந்த ஏழு எண்ல எதாலயும் வகுபடாது. அநேகமா பகா எண்ணாத்தான் இருக்கும்."

"எவனும் கூறுபோட முடியாத எண்! டேய் நெட்டை, ஒரு மூட்டை தூக்கு."

"இடுப்பு பிடிச்சிருக்கு சார். அந்த வண்டி விஷயம்..."

"கணிதத்துக்காகத் தூக்குடா!"

தூக்கினார். மூட்டை அடுக்கின்மேல் போய் விழுந்தது. நெட்டை தரையில் விழுந்தார். அவை கைதட்டியது.

ஆலோசகர் கைபேசியில் சரிபார்த்துவிட்டுத் துள்ளினார். "பகா எண் இல்ல சார், அதைவிட அழகு! பத்தொன்பது, தொண்ணூற்றேழு, இருநூற்றெழுபத்தேழு, மூணையும் பெருக்கினா இதுதான்!"

தரையிலிருந்து நெட்டை தலையை மட்டும் தூக்கினார். "அப்போ பத்தொன்பதால வகுபடுதுங்களா?"

"மீதியே இல்லாம!"

சுமைக்காரர்கள் ஓவென்று கூவினார்கள். மேலாளர் கணித மேதை அல்லர். ஆனால் கழித்தல் கைவந்த கலை. கிடந்தவரைக் கனிவோடு நோக்கினார்.

"பாவம், இவனால இனி தூக்க முடியாது. ஆள் கணக்குலேருந்து எடுத்துடுங்க. இப்ப எத்தனை பேர்?"

"பதினெட்டு சார். மூட்டைக் கணக்கு ஒற்றைப்படை எண். பதினெட்டால வகுபடவே படாது."

"பாத்தீங்களா? கணிதம் யார் பக்கமும் சாயாது."

பலகை வாசலில் ஏறியது. 5,10,511 தங்க நிறத்தில் மின்னியது. அதன் அடியில், நான்கு பேர் நெட்டையைக் கையால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

தள்ளுவண்டி பத்தொன்பதும் இன்னும் பாக்கி.