பாலைவனத் தூண்டில் பரிகாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை கனடாவின் ஸ்காபரோ மண்டபத்தில் கார் நிறுத்த இடமில்லை. கல்யாண வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி வரும் நம் சனம், அன்றைக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்து வரிசையில் நின்றது. காரணம், பாலைமீன் சுவாமிகள்.

நெவாடாப் பாலைவனத்தில் பன்னிரண்டு வருடம் தவமிருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில்லாத மணலில் தூண்டில் வீசி மீன் பிடித்தவராம். எண்ணித் தொலையாத ஏரிகள் உள்ள ஒன்ராறியோவில் இருந்துகொண்டு, மீன் பிடிக்க எதற்குப் பாலைவனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தோஷம்.

சுவாமிகளின் தத்துவம் எளிமையானது. சனி மீன ராசிக்குள் வந்து குந்திவிட்டான். மீனுக்குள் இருப்பவனைத் தூண்டில் போட்டுத்தானே இழுக்கவேண்டும்? தண்ணீரில் பிடித்தால் அது வேட்டை. மணலில் பிடித்தால் பரிகாரம். அதனால் பக்தர்கள் முதலில் ஆரம்பச் செட் ஒன்று வாங்கவேண்டும். நாலு துண்டாகக் கழற்றும் ஒன்பதடித் தடி. அது நாலு வேதம். நூல் சுற்றும் சக்கரம், அது விஷ்ணு. புழுவுக்குப் பதில் கோழியிறகில் கட்டிய பொய் ஈ; ஆகவே வெள்ளிக்கிழமை விரதகாரரும் தயங்காமல் வீசலாம். கடைசியாக, ஆற்றில் இறங்கினால் தண்ணீர் புகாதபடி நெஞ்சுவரை இழுத்துப் போடும் ரப்பர் கால்சட்டை. பாலைவனத்தில் அது எதற்கென்றா கேட்கிறீர்கள்? போட்டவர்களில் ஒருவர்கூட இதுவரை நனையவில்லையே! அதுதான் அதன் சக்தி.

பிறம்ரனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சச்சிதானந்தன் முழுச் செட்டும் வாங்கியிருந்தார். ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டிலேயே ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்குள் வேர்த்து ஊறியபடி காரை ஓட்டினார். பக்கத்தில் மனைவி பிரதீபா, வலது முழங்காலைக் கையால் பிடித்தபடி.

பிரதீபாவுக்குத் தமிழ்க் கடையொன்றின் மீன் பகுதியில் வேலை. இருபது வருடமாக ஈரச் சீமெந்துத் தரையில் நின்று மீன் வெட்டியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. பதினாலு மாதம் காத்திருந்து இப்போதுதான் ஒப்பறேசனுக்குத் திகதி கிடைத்திருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ளச் சச்சி இரண்டு கிழமை லீவும் சேர்த்து வைத்திருந்தார். சுவாமிகள் கேட்டது அதே இரண்டு கிழமையை. நெவாடாவுக்கு வந்து நூற்றெட்டுத் தரம் மணலில் வீசினால், கத்தி படாமலே முழங்கால் நிமிருமாம்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சு, ஒப்பறேசன் வேண்டாமெண்டு சொல்லிப்போடுறன்," என்றார் சச்சி. "சும்மா சுகமாகிற காலை என்னத்துக்கு வெட்டுவான்?"

"இந்தத் திகதியை விட்டால் திரும்ப வரிசையிலை ஆகக் கடைசியிலை போய் நிக்கவேணும். தெரியும்தானே?"

"நம்பிக்கை வேணும், பிரதீபா."

"கால் என்ரை. நீங்கள் போனெடுக்க முதல் உந்தச் சாமியை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

மண்டபத்தின் நடுவில் பத்தடி நீளத்துக்குப் பலகை அடித்து மணல் கொட்டியிருந்தார்கள். அதுதான் நெவாடா. முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தவர் ராம்குமார். சென்னையிலிருந்து வந்து கணினிக் கம்பெனியொன்றில் பெரிய வேலை பார்ப்பவர்.

"சார், இது ஃபிஷிங் இல்ல. எனர்ஜி அலைன்மென்ட். சயின்ஸ் இப்பத்தான் இங்க வந்து சேருது," என்று சச்சிக்கு விளக்கினார். அவரும் ரப்பர் கால்சட்டையில்தான் இருந்தார்.

காவியும் தாடியுமாகச் சுவாமிகள் எழுந்தருளினார். "ஆத்மாக்களே! கண்களை இறுக மூடுங்கள். அருள் இறங்கும் கணத்தில் திறந்திருக்கும் கண் அவிந்துபோகும்!"

முந்நூறு சோடிக் கண்கள் மூடின. சுவாமிகள் வீசினார். இறகு ஈ மணலில் விழுந்தது. மணலுக்கு விபூதி போடும் சாட்டில் பிரதம சீடர் யூடானந்தா குனிந்தார். மணி அடித்தது. கண்ணைத் திறந்தால், தூண்டில் நுனியில் மணல் சொரியச் சொரிய ஒரு மீன்!

அரோகரா சத்தத்தில் கூரை அதிர்ந்தது. சச்சியின் கண்ணில் தண்ணீர். மீன் துடிக்கவில்லைதான். பாலைவனச் சூட்டில் அது உடனே சமாதியடைந்துவிடும் என்று சுவாமிகள் சொன்னதும் இன்னொரு அரோகரா.

"இந்த அம்மையாரின் முழங்காலில் மச்சத்தை வைக்கிறேன். வலி பறந்துபோகும்," என்று முன்வரிசையில் இருந்த பிரதீபாவிடம் வந்தார் சுவாமிகள்.

முழங்காலில் வைத்த மீனைப் பிரதீபா கையில் எடுத்தாள். திருப்பினாள். தடவினாள். வயிற்றுக்குள் பெருவிரலை விட்டாள். இருபது வருடப் பெருவிரல்.

"சாமி, மணலுக்கை இருந்து உயிரோடை வந்த மீனோ இது?"

"ஐயமென்ன தாயே?"

"செதில் எங்கை? குடல் எங்கை? செவுளும் இல்லை. திலாப்பியா. நான் கிளீன் பண்ணின மீன்." மீனின் வயிற்றை விரித்துச் சனத்துக்குக் காட்டினாள். பிறகு சீடரின் தாடியை உற்றுப் பார்த்தாள். "யூட்சன்! நேற்று அஞ்சு திலாப்பியா வாங்கேக்கை, வடிவாக் கிளீன் பண்ணித் தாங்கோ அக்கா எண்டு நிண்டது நீர்தானே?"

யூடானந்தா தன் காலைப் பார்த்தார். பாவம், பழக்கதோஷம். மீன் கடையில் நம்மவன் திறக்கும் வாய் 'கிளீன் பண்ணித் தாங்கோ' என்ற மூன்று சொல்தான் சொல்லும். அற்புதத்துக்கு வாங்கினாலும் சொல்லும். மீனில் செதில் இல்லாதது முன்வரிசையிலும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. செதிலோடு மீனைக் கண்டு எத்தனை வருடம்!

ராம்குமார் துள்ளி எழுந்தார். "அதான் சார் கருணை! வீட்ல லேடீஸ் கஷ்டப்படக் கூடாதுன்னு சுவாமி க்ளீன் பண்ணியே வரவழைச்சிருக்கார்!"

பாதி மண்டபம் கைதட்டியது. சச்சியின் கைகளும் எழுந்தன. பிரதீபா ஒரு பார்வை பார்த்தாள். கைகள் பாதிவழியில் நின்றுவிட்டன.

"சரி. அப்ப நானும் பிடிச்சுப் பாக்கிறன்," என்று நொண்டியபடி மணலடிக்குப் போனாள் பிரதீபா.

அதுவரை தேவாரத் தமிழில் முழங்கிய சுவாமிகளுக்குச் சொந்தத் தமிழ் வந்துவிட்டது. "அக்கா, உதுக்கை கை வையாதேங்கோ! சொன்னாக் கேளுங்கோ!"

அவள் கையை மணலுக்குள் விட்டாள். தூண்டில் இல்லை, மந்திரம் இல்லை, மணி இல்லை. ஒரு மீன் வந்தது. இரண்டு. மூன்று. நாலு. எல்லாம் செதிலெடுத்து, குடலெடுத்து, வாயில் தூண்டில் கொளுவ நூல் வளையமும் கட்டியது.

"அஞ்சும் சரி. சாமி, மணலின்ரை மற்றக் கரையிலை ஒருக்கா வீசுங்கோ பாப்பம். அங்கை நீங்கள் ஒண்டும் புதைக்கேல்லை."

சுவாமிகள் வீசவில்லை. மேடைக்குப் பின்னால் ஓர் அவசரத் தவம் இருந்தது, பின்கதவால் போனார். சீடர் ஏற்கெனவே காரை எடுத்துவிட்டார்.

சச்சி அந்த இடத்திலேயே ரப்பர் கால்சட்டையைக் கழற்ற முயன்றார். வேர்வையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முட்டாள்தனத்தைப் போடுவது சுலபம். கழற்ற இரண்டு பேர் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தார். "வாறம், கட்டாயம் வாறம்," என்று தமிழில் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் மறுமுனைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதென்ற நினைவு வந்தது. ஆங்கிலத்தில் மூன்றாம் தரமும் சொன்னார்.

ஒப்பறேசனுக்கு முதல்நாள், கடையில் பிரதீபாவின் கடைசி ஷிஃப்ட். ராம்குமார் வந்தார்.

"அக்கா, அவர் டூப்ளிகேட். அடுத்த மாசம் வேற ஒருத்தர் வர்றார். அலாஸ்காப் பனியில மாம்பழம் பறிச்சவர். இவர் ஒரிஜினல்!"

"அப்பிடியே? மீன் கிளீன் பண்ணவோ?"

"ஆமாக்கா."

"தலை?"

"வேணாம், தூக்கிப் போட்ருங்க. தலைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

பிரதீபா மீன் தலையைத் தனியாக ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

"சும்மா தாறன், கொண்டு போங்கோ தம்பி. அடுத்த சாமியைப் பாக்கப் போகேக்கை ஒரு தலையாவது கூட இருக்கட்டும்."