சாயம் ஏறாத சத்தமும் எங்கள் முன்னறையும்

ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் கட்டுரையின் தலைப்பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, மீதியில்தான் பழைய இரும்புக் கடைக்காரன் ஒருவன் எனக்கு மெஷின் பேரிங் சுற்றிக் கொடுத்தான். பெயர் தெரியாவிட்டால் என்ன, குற்றவாளி நீங்கள்தான். 'நல்ல கருவி சத்தத்துக்குச் சாயம் பூசாது. அசலையும் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியக் கூடாது' என்று எழுதினீர்களே, அந்த இரண்டு வரியால் ஒரு குடும்பஸ்தன் தன் வீட்டு முன்னறையை இழந்து நிற்கிறான்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, நானும் திட்டி, இன்று பழைய மெஷின் வாங்கி விற்கிறேன். என்னிடம் சொன்ன விலைக்கு எவனும் விற்றதில்லை. கோபம் வந்தால் லேத் மெஷினோடுகூடச் சண்டை போடுவேன். அப்படிப்பட்டவன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் பழைய ரெக்கார்டு பிளேயரைப் போட்டுக் கேட்டேன். அதுவரை இனித்தது அன்றைக்குத் திகட்டியது. தபேலா எண்ணெய் டிரம் மாதிரி உப்பியது. பாடகருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. பாடகி வந்தாள், அவளுக்கும் அதே ஜலதோஷம். அப்போதுதான் புரிந்தது, நோய் அவர்களுக்கு இல்லை.

ஆறு மாதம் அலைந்தேன். ரெக்கார்டு சுழற்றுகிற நல்ல டர்ன்டேபிள் ஒன்று வைத்திருந்தவரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேரம். நாலாவது ஞாயிறு அவர் மனைவியே வந்து, "இவரு வாய மூடுனா போதும், கொடுத்துடுங்க" என்றார். பேரிங் விஷயத்தில் என் காதில் யாரும் பூ சுற்ற முடியாது. அந்தக் கனத்த தட்டை விரலால் சுற்றி விட்டால், நான் ஒரு காபி குடித்து முடிக்கும் வரை சத்தமில்லாமல் சுற்றும். ஊசியைத் தாங்கும் கை, ஊசி, ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பின்னறையில் அமர்ந்தன. முதல் ரெக்கார்டை வைத்தேன். பாடகர் வரி தொடங்குமுன் மூச்சிழுத்தது கேட்டது. வயலின்காரர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தது கேட்டது. செட் இருந்த இடமே தெரியவில்லை. ஐயா, அந்த ஒரு நிமிடத்துக்காக உங்கள் குற்றத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறேன்.

மீதிப் பாதி இனிமேல்தான் வருகிறது. ஆசை விடுமா? பின்னறை மூலையில் சத்தம் லேசாகத் தடிப்பது போல் எனக்குத் தோன்றியது. குற்றம் அறையுடையது என்று தீர்ப்பு எழுதினேன். தெருவைப் பார்த்த, பெரிய ஜன்னல் வைத்த எங்கள் முன்னறையே செட்டுக்கு ஏற்ற இடம்.

அதில் ஒரு சிக்கல். என் மனைவி தையல்காரி. சமையலறைக்குப் போகும் வழியில் இரண்டு மெஷின் போட்டு, அரைத் தெருவுக்குத் தைக்கிறாள். முன்னறையில் கடை வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். நான் மூன்று வருஷமாக 'ஆகட்டும்' என்கிறேன்.

"முன்னறைய எனக்குத் தர்றதா சொன்னீங்களே?"

"சொன்னேன். அப்ப எனக்குக் காது திறக்கல."

"இப்பத் திறந்துடுச்சா?"

"பின்னறை சத்தத்துக்குச் சாயம் பூசுதும்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

"டியூப்லைட்ல நீலம்னு வாங்கின துணி, வெளிச்சத்துல பார்த்தா ஊதாவா இருக்குமே, அது மாதிரியா?"

ஆறு மாதம் மண்டையை உடைத்து நான் விளங்கிக்கொண்டதை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அவள் முடித்துவிட்டாள்.

"அதேதான்" என்றேன்.

"நான் நூல் எடுக்கும்போது துணியப் பக்கத்துல வெச்சுத்தான் எடுப்பேன். நீங்க எதைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்க? அந்தப் பாட்டுக்காரர நேர்ல கேட்டிருக்கீங்களா?"

"அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆச்சு."

"அப்ப சாயம் ஏறினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் இருமிச் சமாளிப்பது என் வழக்கம். இருமினேன். இருமி முடிப்பதற்குள் யோசனை வந்தது. அசல் வேண்டும் என்றால் வீட்டிலேயே ஒன்று நடமாடுகிறதே. கேட்டுக் கேட்டு இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் பழகிய குரல்.

நாம் பேசுவதைப் பதிந்து ஒரே ஒரு ரெக்கார்டு வெட்டித் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் இவளைக் கூட்டிப் போனேன். மைக் முன்னால் எதையாவது பேசச் சொன்னேன். இவள் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து, "தோள் பதினாலரை, கை எட்டு, இடுப்பு முப்பது, உயரம் நாப்பத்திரண்டு" என்று வாசித்தாள். ஒரு வரிதான். ரெக்கார்டின் மிச்ச இடத்தில் அவர் குரல் பதியாத வெறும் கோடு மட்டும் இழுத்து விட்டார்.

"இப்பப் பந்தயம்" என்றேன். "உன் பேச்சையும் ரெக்கார்டையும் மாத்தி மாத்திப் பத்துத் தடவை கேப்பேன். எட்டுக்கு மேல சரியாச் சொல்லிட்டா, வித்தியாசம் தெரியுதுன்னு அர்த்தம். பின்னறை லாயக்கில்ல. முன்னறை எனக்கு."

"சொல்ல முடியலைன்னா?"

"பின்னறையே போதும். முன்னறை உனக்கு."

"வாத்தியார சாட்சிக்குக் கூப்பிடுங்க."

வாத்தியார் எதிர்வீட்டுக்காரர். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது நடந்தாலும் மதிப்பெண் போடுவார்.

என் துணிச்சலுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஊசி தட்டில் இறங்கும்போது 'டப்' என்று மெல்ல ஒரு சத்தம் வரும். டப் வந்தால் ரெக்கார்டு, வராவிட்டால் ஆள். குரலைக் கேட்கவே தேவையில்லை. இது தப்பாட்டம் என்பீர்கள். வியாபாரத்தில் இதற்கு அனுபவம் என்று பெயர்.

ஸ்பீக்கர்களுக்கு முன்னால் மெல்லிய திரை. அதையும் அவளே தைத்தாள், சத்தத்தைத் தடுக்காத துணியாகத் தேடி எடுத்து. திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அவள், பக்கத்தில் காகிதமும் பேனாவுமாக வாத்தியார். இந்தப் பக்கம் நாற்காலியில் நான், கால் மேல் கால்.

டப். "தோள் பதினாலரை..."

"ரெக்கார்டு."

டப் இல்லை. "தோள் பதினாலரை..."

"நீதான்."

பத்தும் முடிந்தது. எழுந்து, முன்னறையில் எந்தச் சுவரோரம் ஸ்பீக்கர் வைப்பது என்று மனதுக்குள் அளந்துகொண்டே திரையை விலக்கினேன்.

"பத்துக்கு எவ்வளவு வாத்தியாரே?"

"பூஜ்யம்."

"என்ன?"

"பூஜ்யம்தாங்க. முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றவனுக்குக்கூட அஞ்சாறு சரியா வந்துடும். இப்படி ஒரு சுத்தமான பூஜ்யத்த நான் பார்த்ததே இல்ல."

அவளைப் பார்த்தேன். அவள் ஊசிக் கையை ஓய்வாக அதன் தாங்கலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேச வேண்டிய நேரத்துல ஊசிய அந்த வெறும் கோட்டுல இறக்கினேன். டப்புனு வந்துது. ரெக்கார்டு போட வேண்டிய நேரத்துல வால்யூமக் குறைச்சு வெச்சுட்டு இறக்கி, அப்புறம் கூட்டினேன். டப்பே வரல."

"இது மோசடி."

"நீங்க டப்பக் கேட்டுட்டு உக்காந்திருந்தது?"

வாத்தியார் பேனாவை மூடினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் பேரம் பேசிப் பழகிய நாக்கு சும்மா இருக்காதே. "பத்தும் தப்புன்னா என்ன அர்த்தம்? ரெண்டையும் பத்துத் தடவையும் பிரிச்சிருக்கேன். பேரு மாறிப் போச்சு, அவ்வளவுதான். வித்தியாசம் தெரியுதுல்ல?"

"ஊசி இறங்கினது தெரிஞ்சுது. என் குரலக் கேட்டீங்களா?"

இருமப் பார்த்தேன். இருமலும் வரவில்லை.

"சரி, இன்னொரு தடவை" என்றாள் அவளே. "நேர்மையா. ஒவ்வொரு தடவையும் டப் வரும். நான் பேசினாலும் வெறும் கோடு ஓடிக்கிட்டே இருக்கும். இப்பக் குரல மட்டும் கேளுங்க."

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கால் மேல் கால் இல்லை. கண்ணை மூடி, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, என் மனைவி பேசுவதை முழுக் கவனமாகக் கேட்டேன். 'பதினாலரை'யில் அந்த 'ரை' லேசாக மேலே போய் நிற்கிறது. 'இடுப்பு' சொல்லுமுன் ஒரு சின்ன மூச்சு. வாயில் எப்போதும் குண்டூசி வைத்திருந்த பழக்கத்தில் உதடு முழுக்கத் திறக்காத ஒரு மென்மை. எல்லாம் இரண்டிலும் இருந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூலையில் எதுவும் தடிக்கவில்லை. ஆறாவது தடவைக்குப் பிறகு எது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். வாத்தியார்தான் தொண்டையைச் செருமி ஞாபகப்படுத்தினார்.

"அஞ்சு" என்றார் கடைசியில். "இது குருட்டு அஞ்சு."

தோற்றுவிட்டுக் கை தட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் செட்டுக்காகத் தட்டினேன். பின்னறையிலேயே, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில், சாயம் ஏறாத சத்தம். வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் எழுதியது அச்சு அசலாக நடந்துவிட்டது. பாதித் தட்டல் அவளுக்கு. டப்பைக் கண்டுபிடித்து, அதைத் திருப்பிப் போட்டு, பிறகு நியாயமாக இன்னொரு வாய்ப்பும் கொடுத்தாளே, அந்தக் காதுக்கும் அந்த மூளைக்கும் முன்னால் எந்த ஆம்ப்ளிஃபயரும் நிற்காது.

மறுநாள் காலை முன்னறைக்கு மெஷின்கள் போயின. தூக்கிப் போனது நான்தான். ஒரே வாரத்தில் பலகை மாட்டியாகிவிட்டது. கூட்டத்துக்குக் குறைவில்லை.

இப்போது நான் பின்னறையில் ரெக்கார்டு போட்டால், பாடகர் மூச்சிழுக்கிறார், வயலின்காரர் நகர்கிறார், அடுத்த நொடி இடதுபக்கச் சுவருக்கு அந்தப் புறத்திலிருந்து தையல் மெஷின் 'கடகட'வென்று சேர்ந்துகொள்கிறது. "இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்று அவளிடம் கேட்டேன். "அசல் சத்தம்தானே, சாயமில்லயே" என்றாள்.

ஐயா, இதை ஆரம்பித்து வைத்தது நீங்கள். நீங்களே வந்து முடித்துவையுங்கள். இந்த வாரமே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் காதால் கேட்டு, 'இந்தப் பின்னறை சரியில்லை, முன்னறைதான் வேண்டும்' என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். வரும்போது தைக்க ஏதாவது துணி கையோடு கொண்டு வாருங்கள், சும்மா வருகிறவர்களை முன்னறையைத் தாண்டி அவள் உள்ளே விடுவதில்லை.