பிறப்புச் சான்றிதழும் ஒரு கிலோ நெத்திலியும்

நான் பயந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த முறை வாசனையிலேயே தெரிந்தது.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் திருவொற்றியூரில் எதுவும் நின்றுவிடவில்லை. கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டின. நான் மட்டும்தான் முழுநேரப் போரில் இருந்தேன். 'அவசரப் பை தயாராக இருக்கட்டும்: ஆவணங்கள், டார்ச், கெட்டுப்போகாத உணவு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றியது. (சுற்றவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.) பிஸ்கட் நமுத்துப்போகும், ரொட்டி பூசணம் பிடிக்கும். காத்திவாக்கத்தில் மீன் விற்கும் என் மாமியாரிடம் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி, ஆவணங்களோடு பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"குண்டு போட்டா இத்த எங்கமே வறுப்ப?" என்றார் கணவர்.

"பொழச்சா யோசிச்சுக்கலாம்," என்றேன், தளபதி போல.

சண்டை ஓய்ந்தது. பையை மறந்தேன். அடுத்த மாதம் மகள் யாழினிக்கு எல்.கே.ஜி. சேர்க்கை. அந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அவள் எதிர்காலமே போயிற்று என்று நம்பினேன். காலை அவசரத்தில் பையிலிருந்து ஆவணங்களை உருவிக்கொண்டு ஓடினேன். எங்கள் தெருவில் கருவாட்டு வாசனை புதிதா என்ன? மூக்கு எச்சரிக்கவே இல்லை.

தலைமையாசிரியையின் ஏ.சி. அறையில் கதவைச் சாத்தியதும்தான் வாசனை என் கையிலிருந்து வருகிறது என்று புரிந்தது. அவர் பிறப்புச் சான்றிதழை விரித்தார். மேஜையில் ஒரு நெத்திலி விழுந்தது.

யாழினி முந்திக்கொண்டாள். "மிஸ், அது சண்டைக்கு வெச்சது. தொடக்கூடாது."

எல்லாவற்றையும் உளறினேன். சீட்டு போயே போச்சு என்று கண் கலங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் அப்ப பை ரெடி பண்ணேம்மா. எலுமிச்சை ஊறுகாய் வெச்சேன். கசிஞ்சு, என் டிகிரி சர்ட்டிபிகேட்டே போச்சு." கையெழுத்துப் போட்டார். "சீட்டு உண்டு. ஒரிஜினலை மட்டும் உடனே எடுத்துட்டுப் போங்க."

யாழினி இப்போது யு.கே.ஜி. வெயிலில் காயவைத்தும் பவுடர் போட்டும் சான்றிதழ் இன்னும் மணக்கிறது. தொலைக்காட்சியில் போர் என்ற சொல் வந்தால் போதும், கணவர் கத்துகிறார்: "பாப்பா சர்ட்டிபிகேட்ட எடு, கொழம்பு வெச்சிரலாம்!"

சிரிக்கட்டும். என் பை இன்றும் தயார்தான். கருவாடும் அதே பையில்தான். இப்போது இரண்டு கவர் போட்டிருக்கிறேன்.

(மூன்றாகப் போட்டிருக்கலாமோ?)