ஆறாம் புழுவுக்குக் காவலிருந்த படலம்

வாழ்க, இமைகொட்டா விழியாள்! வாழ்க, ஜூஸ் கடையின் குப்பைக்கூடையில் கேட்பாரற்றுக் கிடந்த பப்பாளி விதைகளைப் பைபையாய் மீட்டுவந்து, நிழலில் உலர்த்தி, இடியென முழங்கும் மிக்ஸியில் பொடியாக்கி, ஸ்பிரிட்டில் ஏழு பகலும் ஏழு இரவும் ஊறவைத்து, ஸ்பிரிட்டை ஆவியாய்ப் போக்கி, எஞ்சிய சாற்றைக் கரித்தூள் வழியே மும்முறை வடித்து, நிறமும் நெடியும் நீங்கிய தெளிநீராய் மருந்து சமைத்த தடக்கை மறத்தி! பிறர் குடலில் குடியேறி, சொல்லாமல் கொள்ளாமல் இரத்தம் உறிஞ்சும் புழுக்குலத்தின் கூற்றமே, ஆய்வு மாணவியர் கூட்டத்து அரியேறே, நின் புகழ் பாடப் புகுந்தோம்! புழு மயங்கிச் சாயும் நிமிஷத்தைப் பிசகாமல் குறிப்பேட்டில் ஏற்றுவதில் அவளுக்கு நிகர் கிடையாது என்பதால், ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை நிமிஷக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பெருமாட்டியின் ஏட்டில் ஓர் அட்டவணை. அட்டவணையில் ஆறு கட்டங்கள். ஐந்து களங்களில் ஐந்து புழுக்களைச் சாய்த்து, அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்துநான்கு, அறுபது, ஐம்பத்தொன்பது என ஐந்து நிமிஷக்கணக்குகளை வெற்றித்தூண்களாய் நாட்டியிருந்தாள். ஆறாம் கட்டமோ பல் விழுந்த வாய்போல் வெறுமையாய்க் கிடந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அது நிரம்பி, கட்டுரை கருத்தரங்குக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தவறினால் அடுத்த கருத்தரங்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். முரசதிர்குரல் வாய்ந்த வழிகாட்டிப் பேராசிரியை காலையிலேயே ஆணை பிறப்பித்துவிட்டார்: "இதோ பாரு, புழு நின்ன நிமிஷத்த நீயே உன் கண்ணால பாக்கணும். அவர் சொன்னார், இவர் பாத்தார்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." போடமாட்டார் என்றால் போடவே மாட்டார்.

காலை பதினொன்று. இறைச்சிக்கூடத்து ஆட்டின் இரைப்பையினின்றும் கொணர்ந்த புழுப்படையில் உயிரோடு எஞ்சியோர் மூவரே. இளஞ்சூட்டுப் பலகைமேல் மூடியிட்ட மூன்று கண்ணாடித் தட்டுகள் அணிவகுத்தன. ஒன்றில் மருந்துக்கடை மாத்திரையின் கரைசல், ஒன்றில் பப்பாளி விதை மருந்து, ஒன்றில் வெறும் உப்புத்தண்ணீர். மாத்திரைத் தட்டின் வீரன் நாற்பத்தோராம் நிமிஷத்தில் வாளா வீழ்ந்தான். உப்புத்தண்ணீர் வீரனை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மருந்தே படாத புழு நாளெல்லாம் நீந்தும், நீந்தட்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா என்று ஓரமாய் வைத்திருப்பார்கள்.

ஆகவே நிமிஷக்காரியின் இருவிழி வேல்களும் நடுத்தட்டிலே பாய்ந்தன. ஆங்கே செம்மையும் வெண்மையும் முறுக்கிய கயிறன்ன மேனியன், எலும்பிலாப் பேராண்மையன், விரல் நீளமும் நிறையாப் பெருவீரன், எட்டாய் வளைந்தான், வட்டமாய்ச் சுழன்றான், சாட்டையாய்ச் சொடுக்கினான். ஐம்பது நிமிஷம் ஆயிற்று, ஆடினான். அறுபது ஆயிற்று, ஆடினான். அறுபத்துநான்கைக் கடந்தபோது அவள் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டாள். நூறு ஆனபோது, "செத்துத் தொலையேன்டா, சனியனே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்தோ, அவ்வேளையில்தான் இரண்டாம் பகைவன் உள்ளிருந்தே படையெடுத்தான்! கண் சொக்கக்கூடாதென்று காலையிலிருந்து குடித்த இரண்டு டீயும், டீயின் வாடை போகக் குடித்த ஒரு பாட்டில் தண்ணீரும், அடிவயிற்றெனும் கோட்டைக்குள் அணைகட்டி நின்று, கதவைத் திற, கதவைத் திற என்று ஆர்ப்பரித்தன. கழிப்பறையோ தாழ்வாரத்தின் கோடியில், நாற்பது எட்டுத் தொலைவில். போய்வர நாலு நிமிஷம் போதும். அந்த நாலு நிமிஷத்தில் புழு நின்றுவிட்டால்? ஐந்து மாதப் பாடு, மூட்டை மூட்டையாய் விதை, ஜூஸ் கடைக்காரரின் ஏளனப் புன்னகை, எல்லாம் பாழாய்ப் போகும். வலக்காலை இடக்காலின்மேல் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இடக்காலை வலக்காலின்மேல் போட்டாள்.

இவ்வாறு முன்னே புழுவும் உள்ளே வெள்ளமுமாய் இருமுனைப் போரில் அவள் நெற்றி வியர்க்க நிற்கையில், அறையைப் பெருக்க வந்த ஆய்வுக்கூட உதவியாளர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான அனுபவசாலி, ஒரே பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"போயிட்டு வாங்கம்மா. நான் கண்ணக் கொட்டாம பாக்கறேன்."

"வேணாம்ண்ணே. நான்தான் பாக்கணும்."

"ஒரு புழுவுக்காக உடம்பக் கெடுத்துக்குவீங்களா?"

"அண்ணே, தயவுசெஞ்சு அந்தக் குழாய மட்டும் மூடிருங்க."

மூலையில் சொட்டுச் சொட்டாய் வடிந்துகொண்டிருந்த குழாயை அவர் இறுக மூடினார். உலகில் ஒரு தங்கைக்கு ஓர் அண்ணன் செய்த உதவிகளில் அதற்கு ஈடில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

ஒரு மணி கடந்தது, இரண்டு மணி கடந்தது, மூன்றும் கடந்தது. மதியச் சோறு டப்பாவுக்குள்ளேயே ஆறியது. தும்மல் வந்தபோது ஒரு கண்ணை மட்டும் மூடித் தும்ம முயன்று தோற்றாள். தோற்ற கணமே பதறிப் பார்த்தாள். ஆடலழகன் ஆடிக்கொண்டுதான் இருந்தான். அசைந்தால் அணை உடையும் என்று சிலையாய் அமர்ந்திருந்தவள் நெஞ்சில் மெல்ல மெல்ல அச்சம் குடிபுகுந்தது. முந்தைய ஐந்தும் வெறும் குருட்டு அதிர்ஷ்டமோ? கரித்தூளில் வடித்தபோது நிறத்தோடு வீரியமும் போய்த் தொலைந்ததோ? அம்மாவிடம் வேறு, இந்த வருஷம் முடிச்சிருவேன் என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதை அடக்குவது, எதை விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்கு, செருப்பொலியே போர்ப்பறையாய்ப் பேராசிரியை எழுந்தருளினார். அவர் பார்வை நடுத்தட்டில் படவில்லை. யாரும் சீந்தாத ஓரத்துத் தட்டில் பட்டது. அங்கே உப்புத்தண்ணீர் வீரன் நூலென நீண்டு கிடந்தான். கண்ணாடிக் குச்சியால் தொட்டார். அசையவில்லை. புரட்டினார். புரட்டியபடி கிடந்தான்.

"ஏம்மா, உப்புத்தண்ணியில இது ஏன் செத்துக் கிடக்குது?"

பேராசிரியை தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார். அடி வெறும் கண்ணாடி.

"பேரை எங்க எழுதின?"

"மூடியில, மேடம்."

ஐயகோ! மூடி இடம் மாறும், ஆகையால் பெயரைத் தட்டின் அடியில் எழுதுக என்பது ஆய்வுக்கூடத்தில் காலடி வைத்த முதல் நாளே கற்பிக்கும் பாடமன்றோ! புழுக்களை விடுகையில் மருந்துத் தட்டு, உப்புத்தண்ணீர்த் தட்டு இரண்டின் மூடிகளையும் ஒருசேரத் திறந்து மேசையில் வைத்தவள், மூடுகையில் அதை இதற்கும் இதை அதற்கும் போட்டுவிட்டாள். பேராசிரியை இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டெடுத்து, கண்ணாடித் துண்டுகளில் விட்டு, விளக்கில் காய்ச்சினார். ஓரத்துத் தட்டின் சொட்டில் இருந்த விதைச்சாறு இறுகி மஞ்சள் கறையாய்க் காய்ந்தது. நடுத்தட்டின் சொட்டு வெள்ளை உப்பாய்ப் பூத்தது. நாலேமுக்கால் மணி நேரம், டீயையும் தண்ணீரையும் தாங்கி, சோறு துறந்து, நம் நாயகி கண்கொட்டாமல் காவல் காத்தது உப்புத்தண்ணீரில் உல்லாசமாய் நீந்திய ஒரு புழுவை. மருந்து எப்போதோ வென்றுவிட்டது. எப்போது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

மருந்து தோற்கவில்லை என்ற மகிழ்ச்சியில் அவளுக்குக் கண் கலங்கியது. மூடியிலா எழுதினேன் என்ற வெட்கத்தில் காது மடல் சிவந்தது. பேராசிரியை மணியைப் பார்த்தார். பின், படை திரட்டும் பேரரசிபோல் முழங்கினார்: "அழாத. அந்தப் புழு உசுரோடதான இருக்குது? அதையே எடுத்து மருந்துல போடு. ஒரு மணி நேரம். அஞ்சுக்குள்ள முடிஞ்சிரும். உக்காரு, கண்ண எடுக்காத!"

மீண்டும் மூண்டது மாபோர்! புதுத் தட்டு வந்தது, அதன் அடியில் பெயர் கல்வெட்டெனப் பொறிக்கப்பட்டது, மருந்து நிரம்பியது, உதவியாளர் துடைப்பத்தைக் கொடிமரமாய் ஊன்றி நின்றார், சுவர்க்கடிகாரம் முள் நடுங்கக் காத்திருந்தது, கட்டுரையும் கருத்தரங்கும் வருங்காலப் பட்டமும் ஒருசேர மூச்சடக்க, இருநூற்றெண்பத்தைந்து நிமிஷம் சாயாப் பெருவீரனை இடுக்கியின் நுனியில் ஏந்தி, மருந்துக் கடலுக்கு நேர்மேலே உயர்த்தி, வெற்றியும் வீழ்ச்சியும் ஒரு விரலசைவில் தொங்க, விடு என்று பேராசிரியை ஆணையிட, திசையெட்டும் செவிசாய்க்க, பப்பாளிப் படைத்தலைவி நிமிர்ந்து நின்றாள்.

அவள் புழுவை உப்புத்தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள்.