'ங்க' இல்லாத ஏன்

சிந்தனை முதன்முதலில் கிரேக்க நாட்டில் தோன்றியதாகச் சொல்லுகிறார்கள். தோன்றியிருக்கலாம். ஆனால் செயற்குழு அமைத்து, ரப்பர் ஸ்டாம்ப் வைத்து, முறைப்படி அது நடந்தது 1958-ல் சிங்காநல்லூரில், எங்கள் மில்லில்தான். 'வாழ்நாள் கல்வி மற்றும் சுயசிந்தனை மன்றம்' என்பது அதன் திருநாமம். செயலாளர் அடியேன்.

மன்றத்தின் கொள்கை ஒன்றே ஒன்று: 'எதையும் ஏன் என்று கேள்!' மேனேஜர் சீனிவாசலு இதைப் பலகையில் எழுதி மில் வாசலில் மாட்டினார். தொழிலாளர்கள் யாவரும் தாமாகவே முன்வந்து சேர வேண்டும் என்று உத்தரவும் போட்டார். சேராதவர்களுக்குச் சம்பள வெட்டு. ஆகவே யாவரும் தாமாகவே முன்வந்தார்கள்.

வகுப்பு மத்தியான இடைவேளையில். உற்பத்தி கெடாமல் சிந்திக்க வேறு நேரம் ஏது? என்ன, நூல் சுற்றும் ராசம்மாள் அந்த நேரத்தில்தான் தொட்டில் அறைக்கு ஓடித் தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பாள். இப்போது அவள் வகுப்பில் இருந்தாள். குழந்தை அங்கே அழுதது. அறிவு வளரும் இடத்தில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

மன்றத்தைப் பார்வையிட, சீமையில் படித்துச் சென்னையில் வசிக்கும் கல்வி நிபுணர் ஒருவர் வந்தார். வாசலில் வாட்ச்மேன் கருப்புசாமி, "ஏனுங்க, குடையை இப்பிடிக் குடுங்க" என்றார். டீ கொண்டுவந்த பஷீர், "ஏனுங்க, சக்கரை போதுங்களா?" என்றார்.

நிபுணர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அற்புதம் ஐயா! இங்கே காவலாளிகூட 'ஏன்' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்!"

எங்கள் பக்கத்தில் 'ஏனுங்க' என்று ஆளைக் கூப்பிடுவார்கள், அது கேள்வியே அல்ல என்று நான் சொல்லவில்லை. நிபுணருடைய அறிவில் குறுக்கிடுவது மரியாதையா? மேனேஜரும் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் நம்ம பயிற்சிங்க" என்றார்.

வகுப்பு கூடியது. மேனேஜர் பெண்கள் பக்கம் திரும்பி, "தைரியமாக் கேளுங்க அம்மணி" என்றார். ராசம்மாள் எழுந்தாள்.

"ஏனுங்க..."

"பிரமாதம்!" நிபுணர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்க. ஏனுங்க..."

மறுபடியும் கைதட்டல். தொட்டில் அறையில் குழந்தை வீறிட்டது. ராசம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்? புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்துல வகுப்பை ஏன் வெக்கோணும்?"

யாரும் கை தட்டவில்லை. நிபுணர் தம் புத்தகத்தைப் புரட்டி, "இந்தக் கேள்வி பாடத்திலேயே இல்லையே" என்று வருந்தினார். மேனேஜர் முகம் சிவந்தது.

"என்ன புள்ள, மொட்டையா 'ஏன்'ங்கற? மரியாதைக்கு ஒரு 'ங்க' எங்க?" என்றார். அதை அவர் 'ங்க' இல்லாமலேயே கேட்டார். மேனேஜருக்கு விலக்கு உண்டு.

மறுநாள் ராசம்மாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கேள்வி கேட்டதற்காக அல்ல. அப்படிச் செய்தால் கொள்கை என்ன ஆவது? 'ங்க' விட்டுப்போனதற்காக மட்டும்.

அதற்கடுத்த நாள் காலையில் அவள் வாசலில், பலகைக்கு அடியில், குழந்தையோடு நின்றாள். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. மன்றத்தார் அத்தனை பேரும் திரண்டு மேனேஜர் அறைக்குப் போனோம். செயலாளர் என்ற முறையில் நான்தான் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க..."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன?"

நாங்கள் ஒவ்வொருவரும் சுயமாகச் சிந்தித்தோம். பிறகு ஒரே குரலில், "ஒண்ணுமில்லீங்க" என்றோம். ஒருவர்கூட 'ங்க'வை விடவில்லை.