சார்ஜரையும் சேர்த்துதான் எடை

தூத்துக்குடி,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் பெவினுக்கு, அத்தான் செல்வதுரை எழுதுவது. தேவகிருபையால் இங்கே நானும் உங்கள் அக்காளும் சுகம். உப்புக்காற்றில் கதவுத் தாழ்ப்பாள்களுக்கு மட்டும் சுகமில்லை. ஓசூர்க் குளிரில் உங்கள் சுகத்தையும் வீட்டம்மா ஜெப்ஸியின் சுகத்தையும் எழுதவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் உங்கள் அக்காள் பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்கிறாள். நடந்தது நடந்தபடி ஒருவருக்காவது போய்ச் சேர வேண்டாமா?

நிற்க. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில், "எதையாவது வாங்குங்க அத்தான், லேப்டாப் எல்லாம் ஒண்ணுதான்" என்று போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விலங்கியல் டீச்சராக ஓய்வு பெற்ற பிறகு உங்கள் அக்காள் அற்புதமணி கேமராவும் கையுமாக உப்பளத்தைச் சுற்றி வருவது உங்களுக்குத் தெரியும். இப்போது கடற்கரைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு குழு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இங்கிருந்து கோடியக்கரை வரை, பஸ்ஸும் வேனுமாக இருபது நாள். தினமும் எடுத்த படங்களில் பத்தைத் தேர்ந்து, நிறம் வெளிச்சம் எல்லாம் சரிசெய்து, அன்றன்றே அனுப்ப வேண்டும். அதற்கு வழியிலேயே வேலை செய்ய ஒரு லேப்டாப் வேண்டும். அவளுடைய இடது தோளோ பழுது. நாலு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். கேமராவும் அந்த நீள லென்ஸும் இரண்டரை கிலோ. மிச்சம் ஒன்றரை. துறைமுக ரோட்டில் ஒரு எடைமேடையில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன் நான். இந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. ஒன்றரை கிலோவுக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் பயணம் நின்றுவிடும் அல்லவா? இருபது நாள் அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை காலை, மீன்காரர்கள் வைத்திருப்பார்களே, கொக்கியில் தொங்கவிட்டால் எண் காட்டும் கைத்தராசு, அதையும் ஒரு மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு இருவரும் லேப்டாப் கடைக்குப் போனோம். கடையில் அனுஜா என்று ஒரு பெண். முதல் லேப்டாப்பைக் காட்டி, "ஒன்னு புள்ளி மூணு கிலோதான் சார்" என்றாள். நான் அதை மஞ்சப்பைக்குள் இறக்கிக் கொக்கியில் மாட்டினேன். கடையே நின்று பார்த்தது. ஒன்று புள்ளி மூன்றேதான். "சார்ஜர் எங்கம்மா?" என்றேன். "அது தனி சார்." "லாரிக்காரனும் டிரைவர் தனி, ஸ்டெப்னி தனின்னுதான் சொல்லுவான். எடுத்துப் போடும்மா" என்றேன். போட்டாள். ஒன்று புள்ளி எட்டு! எனக்குள் அல்லேலூயா. முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது லேப்டாப் சார்ஜரோடு ஒன்றரைக்குள் அடங்கிவிட்டது. விடுவேனா? "ஏசி ரூம்ல எல்லாம் பளபளன்னு தெரியும். உப்பளத்து வெயில்ல தெரியுமான்னு பாக்கணும்" என்று சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அதன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கயிறு அறுந்ததும் துறைமுகச் சங்கு மாதிரி ஒரு சத்தம். நான் அசையாமல் வெயிலில் நின்று திரையைப் பார்த்தேன். பறவை ஒன்றும் தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் காவலாளி வளனின் முகமும் தெரிந்தது. "அண்ணாச்சி, பாக்க பெரிய மனுசனா இருக்கிய, எங்கன தூக்கிட்டுப் போறிய?" என்று என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "சோதனை பண்ணுதேன்யா!" "நானும் அதான் பண்ணப் போறேன், உள்ள வாங்க." பிறகு அனுஜா வந்து மீட்டாள். ஆனாலும் அந்தப் பொட்டியும் ஒழிந்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மூன்றாவதை எடுத்து வைத்தாள். பார்ப்பதற்குச் சிலேட்டு மாதிரி இருந்தது. "நிறத்தப் பாருங்க டீச்சர்" என்று, அக்காளின் கேமரா கார்டிலிருந்த ஒரு படத்தை மூன்று திரையிலும் விரித்தாள். பூநாரையாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அது நான், மாப்பிள்ளை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பனியனோடு நிற்கும் நான். முதல் திரையில் பனியன் மல்லிகைப்பூ. இரண்டாவதில் நீலம் போட்டு வெளுத்தது போல. மூன்றாவதில் அக்குளில் உள்ள பழுப்பு, முதுகில் வாழைக்காய்க் கறை, கழுத்தோரத்தில் எனக்கே தெரியாத ஒரு மஞ்சள் கோடு. உங்கள் அக்காள் மூன்றாவது திரையைத் தொட்டு, "அந்தா, அதான் நெசம். தெனமும் துவைக்கது நான்லா? எனக்குத் தெரியாதா?" என்றாள். வளன் வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், நெசம்தான்" என்றார்.

இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல் நடந்ததைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். அக்காள் புன்னைக்காயலில் எடுத்த ஒரு படத்தை அந்த மூன்றாவது திரையில் திறக்கச் சொன்னாள். ஆறு கடலில் சேரும் இடம், கரையில் ஏற்றிப் போட்ட வள்ளம், அதன் மேல் வரிசையாக ஆலாப் பறவைகள். அன்றைக்கு நானும் கூடவே நின்றிருந்தேன். வள்ளத்துக்குக் கீழே வெறும் கறுப்பு. அக்காள் திரையின் ஓரத்தில் வெளிச்சத்தைக் கூட்டும் ஒரு சின்னக் கோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். கறுப்பு விலகியது. இருட்டு என்று நான் நினைத்த இடத்தில் மண் தெரிந்தது, பிறகு பச்சை வலை தெரிந்தது, பிறகு ஒரு மனுஷன். கால் நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் கடித்திருந்த நூல்கூடத் தெரிந்தது. அவர் தொடையில் தலை வைத்து ஒரு நாய் தூங்கியது. எனக்கு மயிர்க்கால் குத்திட்டுவிட்டது.

"அற்புதம், இவரு அங்கன இருந்தது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம எதுக்கு எடுத்தேன்? எல்லாரும் பறவையத்தான் பாப்பாங்க. நான் அவரைத்தான் எடுத்தேன்."

முப்பத்தாறு வருஷம் இந்தக் கண்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. அவை என்னென்ன பார்க்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாற்பது டன் லாரி மேடையில் ஏறும்போதுகூட என் நெஞ்சு அப்படி அதிர்ந்ததில்லை. இன்னும் மூன்றாவது பொட்டியை எடை போடவில்லை. மஞ்சப்பையை எடுத்தேன். என் ஜெபம் மாறிவிட்டது. ஆண்டவரே, கூடிவிடக் கூடாது, கூடிவிடக் கூடாது என்று கொக்கியில் மாட்டினேன். சார்ஜரை நானே போட்டேன். எண் ஓடி ஓடி நின்றது. ஒன்று புள்ளி மூன்று மூன்று. "அடங்கிட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் வளன் மறுபடியும் ஓடி வந்துவிட்டார். அந்த மனுஷரையும் நாயையும் நிழலையும் உள்ளே வைத்துக்கொண்டு அது என் கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டுப் போல இருந்தது. வெயிலிலும் காட்டினோம். ஆலாவின் அலகு தெரிந்தது.

வாங்கிவிட்டோம். திங்கட்கிழமை அவள் புறப்படுகிறாள். நான் வீட்டில் இருப்பேன். ரசம் வைக்கத் தெரியும், கவலை வேண்டாம். என்னைப் பார்த்துக்கொள்ள நீங்கள் லீவு போட்டு வரவும் வேண்டாம். இப்படிப்பட்ட அக்காளோடு பிறந்ததற்கு நீங்களும் ஒருமுறை முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லவும். ஜெப்ஸிக்கு எங்கள் அன்பு. உங்கள் இருவரின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, வேலையில் உயர்த்தி, முதுகுவலியைக் குறைப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
செல்வதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அக்காள் இதை முழுக்க வாசித்துவிட்டாள். சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "கெளம்புங்க" என்று கடைக்குக் கூட்டிப்போய், அந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் பதினாறு அங்குலத் திரையில் ஒன்றை மாற்றி வாங்கினாள். சார்ஜரோடு மூன்று கிலோ. அதன் சார்ஜர் ஒரு செங்கல். "ஏன் அற்புதம்?" என்றேன். "தூக்கப் போறது நானா?" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பறவைக் குழுவுக்குப் போன மாதமே அவள் பூர்த்தி செய்து அனுப்பிய படிவத்தின் நகல். உதவியாளர் என்ற இடத்தில் என் பெயரை இனிஷியலோடு, வயதோடு, அவளுடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நடுரோட்டில் நின்று மூன்று தடவை வாசித்தேன். ஆகவே மேலே உள்ளதில் அவள் பெயரையும் என் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும்.